திருவிருந்துக்கு வெளியே பதினோரு மாதம்

“அக்கா வெளியேறினார்.” 2022 பிப்ரவரி 6, ஞாயிறு, காலை 9.14.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சாம்பல் நிறச் சிற்றெழுத்தில் விழுந்திருந்த இந்த இரண்டு சொற்களை அன்றே நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். அது விழுந்த நேரத்தில் நான் ராமநாதபுரத்தில் ஆலயத்தில் இருந்தேன். கைபேசியை அணைத்திருந்தேன். ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து, 11.20க்கு அதைத் திறந்தபோது, அக்கா எதையோ தவறாகத் தொட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அவளுக்கு அப்போது எழுபது வயது. மீன் அலசிய ஈரக் கையோடு கைபேசியைத் தொட்டு யார் யாரையோ வீடியோவில் அழைத்துவிடுவது அவள் வழக்கம்.

கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மதியம் இரண்டு முறை கூப்பிட்டேன். பிறகு ஏழு மணிக்கு அவளே கூப்பிடுவாள் என்று விட்டுவிட்டேன். 2018 ஆகஸ்டில் என் மனைவி இறந்த பிறகு, மண்டபத்தில் இருக்கும் அக்கா தினமும் மாலை ஏழு மணிக்கு என்னைக் கூப்பிடுவாள். என் மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். அவள் பேசுவது சனிக்கிழமை. மற்ற நாட்களில் என் வீட்டில் மனிதக் குரல் என்று கேட்பது அக்காவுடையதுதான். “சாப்டியா? என்ன சாப்ட்ட? நேத்தும் அதத்தான சொன்ன?” அவ்வளவுதான் பேச்சு. “அக்கா, 4 நிமிடம், தோசை” என்று நாட்குறிப்பின் கடைசி வரியில் எழுதிவிட்டுப் படுப்பேன். அன்று ஏழு மணிக்குக் கைபேசி ஒலிக்கவில்லை. எட்டு மணி வரை பார்த்துவிட்டு, அந்த வரியில் ஒரு கோடு போட்டேன். அடுத்த நாளும் கோடு. அப்படியே பத்தொன்பது மாதம் கோடு.

அன்று காலை ஆலயத்துக்குக் கிளம்புமுன், 8.05க்கு, நான் குழுவில் ஒரு படம் போட்டிருந்தேன். எங்கள் அய்யாவின் நினைவு நாள் அது. அய்யா என்றால் எங்கள் தகப்பனார். நயினார்கோவில் பக்கத்து கிராமம் ஒன்றில் மிஷன் பள்ளி ஆசிரியர். போதகர் மாதம் ஒருமுறைதான் வருவார் என்பதால், மற்ற ஞாயிறுகளில் ஆராதனையை நடத்தியவரும் அவரே. நான் ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய காகிதம் கிடைத்தால் விடமாட்டேன். எங்கள் ஊர்ச் சபையின் பழைய கமிட்டிக் குறிப்பேடு மழையில் நனைந்து உதிரத் தொடங்கியிருந்தது. அதைப் பிரதி எடுத்துத் தர முடியுமா என்று புதிதாக வந்த போதகர் கேட்டிருந்தார். ஜனவரி முழுவதும் அதே வேலையாக இருந்தேன். அதில் இந்தத் தீர்மானம் இருந்தது: 1961 மார்ச் 12ஆம் தேதி கூடிய கமிட்டி, பள்ளி ஆசிரியர் கள் அருந்தியது ருசுவானதால், அவரைத் திருவிருந்திலிருந்து விலக்கி வைக்கிறது. கீழே, 1962 பிப்ரவரியில், அவர் மறுபடி சேர்த்துக்கொள்ளப்பட்ட குறிப்பு. கணக்குப் போட்டால் பதினோரு மாதம் அவருக்கு ஆலயத்தில் அப்பமும் திராட்சரசமும் இல்லை.

அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்தேன். அது துக்கத்தால் அல்ல. யாரும் அறியாத ஒரு தாளைக் கண்டெடுத்தவனின் சந்தோஷத்தால். படத்தின் கீழே இப்படி எழுதினேன்: “நம் குடும்ப வரலாற்றில் இதுவரை அறியப்படாத ஒரு தகவல். மூலம்: சபைக் கமிட்டிக் குறிப்பேடு. தேதிகள் சரிபார்க்கப்பட்டன.”

குழுவில் அப்போது முப்பத்தொரு பேர். 8.20க்கு ஒரு மருமகன் சிரிக்கும் முகம் போட்டான். 8.41க்கு சித்தப்பா பேரன், “தாத்தா மாஸ்” என்றான். அதற்கு ஏழு பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். பெங்களூரில் இருக்கும் ஒரு பெண், அய்யாவைப் பார்த்தேயிராதவள், இதனால்தான் அவர் எல்லோரையும் அவ்வளவு அடித்தாரா என்று கேட்டிருந்தாள். 9.14க்கு அக்கா வெளியேறியிருந்தாள். படத்தை எல்லோருக்கும் நீக்கப் பார்த்தேன். அதற்கான நேரம் கடந்துவிட்டது என்றது கைபேசி.

முதல் வாரம் முழுக்க நான் அக்காவின் மேல் கோபமாக இருந்தேன். பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்பது என் வாதம். எதிரில் கேட்க ஆளில்லாததால் அந்த வாதத்தைச் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். நன்றாகவே இருந்தது. ஆனால் எனக்குள்ள இன்னொரு வழக்கம் அந்த வாதத்தைக் கெடுத்தது. படிப்பதில் பிடித்ததைத் தேதியோடு குறித்து வைப்பேன். அந்தக் குறிப்புகளைப் புரட்டியபோது, பல வருடங்களுக்கு முன் யூதர்களின் பழைய நெறிகளைப் பற்றிப் படித்து நானே எழுதிய ஒரு பக்கம் கிடைத்தது. பொய் சொல்லி ஒருவரைக் கெடுப்பது ஒரு குற்றம், உண்மையைச் சொல்லி ஒருவரைத் தலைகுனிய வைப்பது வேறொரு குற்றம் என்று அவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். இரண்டாவதற்கு, ‘உண்மைதானே சொன்னேன்’ என்பது சமாதானம் ஆகாது. உண்மையாக இருப்பதுதான் அந்தக் குற்றத்தின் லட்சணமே. இதை நான் நீல மையில் அடிக்கோடு வேறு போட்டிருந்தேன்.

எங்கள் வேதாகமத்தின் தொடக்கத்தில் ஒரு கதை வருகிறது. பெருவெள்ளம் வடிந்து கரையேறிய கிழவர் திராட்சை பயிரிடுகிறார். ஒருநாள் குடித்துவிட்டுக் கூடாரத்துக்குள் ஆடை விலகிக் கிடக்கிறார். ஒரு மகன் அதைப் பார்க்கிறான், வெளியே போய் மற்ற இருவரிடம் சொல்கிறான். அந்த இருவரும் ஒரு துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தகப்பனைப் பார்க்காதபடி பின்னோக்கி நடந்து போய் மூடுகிறார்கள். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வெள்ளத்தையும் வானவில்லையும் எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இந்தப் பகுதியைச் சொன்னதில்லை. கிழவர் குடித்தது பிள்ளைகளுக்கு ஆகாது என்று தாண்டிப் போய்விடுவேன். இப்போது நிதானமாகப் படித்தபோது இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. சொன்ன மகன் பொய் சொன்னான் என்று கதையில் எங்கும் இல்லை. கிழவர் ஏன் குடித்தார் என்று கேட்டவர்களும் கதையில் இல்லை. வீட்டாரைத் தவிர அவர் அறிந்த அத்தனை பேரும் அந்தத் தண்ணீருக்குள் போயிருந்தார்கள்.

மன்னிப்புக் கேட்பதற்கும் அந்தப் பழைய நெறிகளில் ஒரு முறை உண்டு. மனிதருக்குச் செய்த பிழையை வானத்திடம் சொல்லித் தீர்க்க முடியாது, அந்த மனிதரிடமே போக வேண்டும். மறுத்தால் மறுபடியும் போக வேண்டும். மூன்று முறை போயும் மறுத்தால், போனவன் மேல் பாரம் இல்லை. கிறிஸ்தவர்களாகிய எங்களுக்குச் சொல்லப்பட்டிருப்பது இன்னும் நெருக்கடியானது: மனஸ்தாபம் நினைவுக்கு வந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னாலேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாக வேண்டும். எங்கள் ஆலயத்தில் முதல் ஞாயிறு திருவிருந்து. 2022 மார்ச்சிலிருந்து, மற்றவர்கள் எழுந்து முன்னால் போகும்போது நான் பெஞ்சிலேயே இருந்தேன். என் முழங்காலைத் தாண்டிக்கொண்டு போவார்கள், திரும்பி வருவார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மூட்டுவலி என்று நினைத்திருப்பார்கள்.

முதல் முறை கடிதம் எழுதினேன். 2022 ஏப்ரலில், பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. மன்னிக்கச் சொல்லி ஒரு பக்கம். ஆனால் நடந்ததை அவள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதால், தீர்மானத்தின் பிரதியையும், அது எந்தக் குறிப்பேட்டில் எந்தப் பக்கம் என்பதையும் இணைத்தேன். எழுதும்போது அது தவறாகத் தெரியவில்லை. முப்பத்தாறு வருடம் இணைப்பு இல்லாமல் ஒரு கடிதத்தையும் நான் வெளியே அனுப்பியதில்லை. ஒப்புகை அட்டை மச்சானின் கையெழுத்தோடு ஐந்தாம் நாள் வந்தது. வேறொன்றும் வரவில்லை.

இரண்டாவது முறை, அந்த வருடம் கிறிஸ்துமஸ் அன்று, மச்சானைக் கூப்பிட்டேன். அவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், விளையாட்டாகவே பேசுவார். வாழ்த்துச் சொல்லிவிட்டு, அக்காவிடம் கொடுக்கச் சொன்னேன். கைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு அவர் பேசியது எனக்கு நன்றாகவே கேட்டது.

“ஒந் தம்பி.”

“எந் தம்பி செத்துப் போயி அறுவது வருசமாச்சுன்னு சொல்லுங்க.”

மச்சான் என்னிடம், “அவ குளிச்சிட்டு இருக்கா மாப்ள,” என்றார்.

கோபத்தில் சொன்ன சொல் என்றே எடுத்துக்கொண்டேன். அதில் ஒரு கணக்கு இருந்தது எனக்கு உறைக்கவில்லை. என் நாட்குறிப்பில் அன்று, “அக்கா மறுப்பு, இரண்டாம் முறை,” என்று மட்டும் இருக்கிறது.

மூன்றாவது முறை நேரில் போனேன். 2023 செப்டம்பர் 20, புதன். உண்மையைச் சொன்னால், பாரத்தை இறக்கி வைத்துவிடலாம் என்பதும் மனதில் இருந்தது. மறுத்தால் மறுக்கட்டும், மூன்று முறை ஆகிவிடும், அடுத்த மாதம் எழுந்து திருவிருந்துக்குப் போகலாம். ராமேஸ்வரம் பஸ்ஸில் ஏறி, உச்சிப்புளி தாண்டும்வரை இதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது மாதத்தில் நான் ஊரை விட்டு வெளியே வந்தது அதுவே முதல் முறை. பக்கத்தில் இருந்தவர் மணி கேட்டார். பதில் சொன்னபோது என் குரல் கரகரத்தது. அன்று நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மச்சான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“வாங்க மாப்ள. பதிவுத் தபால் எதுவும் கொண்டாந்திருக்கீகளா?”

“இல்ல மச்சான்.”

“அப்ப உள்ள வாங்க.”

அக்கா கொல்லையில் அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்து சூடை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“யாரு?”

“நாந்தான்க்கா.”

“நான்னா யாரு? தேதியச் சொல்லு.”

நான் நின்றேன். பக்கத்தில் கிடந்த கல்லில் உட்காரச் சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. நானாக உட்கார்ந்தேன்.

“மன்னிப்புக் கேக்க வந்தேன்க்கா.”

“அதான் கேட்டுட்டியே. நாலு பக்கம். அதுல மூணு பக்கம் ஆதாரம்.”

“ஒண்ணுல முத்திரை வேற,” என்றார் மச்சான், நிலைப்படியில் நின்றபடி.

“நீங்க போயி டீயப் போடுங்க.” அவர் போனதும், அவள் ஒரு மீனின் தலையைக் கிள்ளிப் போட்டாள். “அய்யா குடிச்சாருன்னு எனக்கு நீதான் சொல்லணுமா? பனங்காட்டுக்குப் போயி அவரக் கூட்டிட்டு வந்தது யாரு? நீயா? நீ அப்ப டவுசர் போடத் தெரியாம திரிஞ்ச.”

“எனக்குத் தெரியாதுக்கா.”

“ஒனக்கு மட்டுந்தான் தெரியாது. ஊருக்கே தெரியும். பக்கத்து வீட்டுச் சம்சாரி இருந்தாருல்ல, நெத்தி நெறையத் துன்னூறு பூசிக்கிட்டு? அவருதான் வண்டியில போட்டு, மேல வைக்கோல அள்ளிப் போட்டுக் கொண்டாருவாரு. தெருவுல யாராச்சும் என்ன பாரம்னு கேட்டா, ‘வாத்தியாருக்குக் காய்ச்சல்’ம்பாரு. அவங்களும் ‘காய்ச்சலா, பாத்துக் கூட்டிட்டுப் போங்க’ம்பாக. பள்ளிக்கொடத்துப் புள்ளைக அப்பன் ஆத்தா அம்புட்டுப் பேரும் காய்ச்சல்னுதான் சொன்னாக. சாமி கும்புடுறவுக மூடி வச்சாக. நம்ம சபைக்காரவுகதான் எழுதி வச்சாக. அத நீ தேடிப் பிடிச்சு ஒலகத்துக்குக் காட்டுன.”

“அங்கன போட்டது தப்புதான். உண்மையா இருந்தாலும் தப்பு. அதச் சொல்லத்தான்…”

“ஏலே.” இப்போது நிமிர்ந்தாள். “தேதியெல்லாம் வச்சிருக்கியே. அந்தத் தேதிக்கு முன்னால என்ன தேதி?”

எனக்குப் புரியவில்லை.

“1961 மார்ச்சுன்னு போட்டிருந்தியே. அதுக்கு முந்தி வீட்டுல என்ன நடந்துச்சு? அது ஒன் நோட்டுல இல்லயா?”

இருந்தது. என் குடும்பக் குறிப்பேட்டின் பதினான்காம் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: “ஆண் குழந்தை. வயது ஒன்றரை. காய்ச்சல். அடக்கம் 1960 நவம்பர் 7.” எனக்குப் பின்னால் பிறந்த தம்பி. அவன் இறந்தபோது எனக்கு மூன்று வயது, முகம் நினைவில் இல்லை. அடக்கப் பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதியிருந்தேன். கமிட்டித் தீர்மானத்தை எழுதியது அறுபத்தொன்றாம் பக்கத்தில். இரண்டுக்கும் நடுவில் நான்கு மாதமும் ஐந்து நாளும். கூட்டிக் கழிக்கத் தெரிந்தவன் நான். பதினோரு மாதத்தை விரல் விட்டு எண்ணிய எனக்கு இந்த நான்கு மாதத்தை எண்ணத் தோன்றவில்லை.

“அது திங்கக்கெழம,” என்றேன். வாயில் வந்தது அதுதான்.

“ஆமா. பொதச்சது திங்கக்கெழம. செத்தது ஞாயித்துக்கெழம.” மறுபடி குனிந்து மீனை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு சொன்னதையெல்லாம் மீனிடம் சொல்வது போலத்தான் சொன்னாள்.

“ரெண்டு நாளாக் காய்ச்சல். அன்னைக்குக் காலையில அய்யா ஆராதனைக்குப் போயிட்டாரு. கொஞ்ச நேரத்துல புள்ளைக்கு இழுக்க ஆரம்பிச்சிருச்சு. அம்மா என்னைய அனுப்புனா. ‘ஓடு, அய்யாவ வரச் சொல்லு, வண்டி கட்டணும்’னா. மழை. கம்மாக் கரையில வழுக்கி வழுக்கி ஓடுறேன். அங்கன போனா, எல்லாரும் முழங்கால் போட்டுக் கண்ண மூடியிருக்காக. அய்யா ஜெபம் பண்ணிட்டு இருக்காரு. ஜெபத்துக்கு நடுவுல யாரும் உள்ள காலெடுத்து வைக்கக் கூடாது. ஒனக்கு ஞாபகம் இருக்கும்.”

ஞாபகம் இருந்தது. அய்யாவின் சட்டம் அது. ஆமென் சொல்லும்வரை வாசலில் நிற்க வேண்டும். பிள்ளையானாலும் பெரியவரானாலும்.

“அதுக்கு முந்துன வாரம் உள்ள ஓடிப்போனதுக்கு என்னைய வெளிய முட்டி போட வச்சிருந்தாரு. அதனால வாசல்லயே நின்னேன். சொட்டச் சொட்ட நிக்கேன். தேசத்துக்கு ஜெபிக்காரு. மழைக்கு ஜெபிக்காரு. நோயாளிகளுக்கு ஜெபிக்காரு. நான் வாசல்ல நிக்கேன். அப்புறம் பாட்டு, வாசிப்பு. அப்பவும் போகல. பயம். கடைசியா ஆசீர்வாதம் சொல்லி முடிச்ச பெறகுதான் போயிச் சட்டையப் பிடிச்சு இழுத்தேன். வீட்டுக்கு வந்தா, அம்மா மடியில வச்சுக்கிட்டு இருக்கா. முடிஞ்சு போச்சு.”

மச்சான் டீயோடு வந்தவர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். ஐம்பது வருடம் உடன் இருந்தவருக்கும் இது புதிது என்பது முகத்தில் தெரிந்தது.

“அம்மா கேட்டா. ‘அப்பவே புள்ளைய அனுப்புனேனே’ன்னா. நான் வாயத் தொறக்கல. அதுக்குள்ள அய்யா சொன்னாரு. ‘அப்பவே வந்து சொல்லிட்டா. நாந்தான் ஜெபத்த முடிச்சிட்டு வாரேன்னேன்.’ அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்த இல்ல. என்னையத் தனியாக் கூப்பிட்டும் ஒண்ணும் சொல்லல. அம்மா சாகுற வரைக்கும் அத நம்புனா.”

எங்கள் அம்மா ஒரு ஞாயிறும் ஆசீர்வாதம் வரை ஆலயத்தில் இருந்ததில்லை. கடைசிப் பாட்டின்போது எழுந்து வெளியே போய்விடுவாள். உலை வைக்கப் போகிறாள் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியே எழுதியும் வைத்திருந்தேன்.

“கமிட்டியில ஏன் குடிக்கீருன்னு கேட்டிருப்பாக,” என்றாள். “சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பாக. சொல்லல. பதினோரு மாசம் கடைசி வரிசையில உக்காந்தாரு. போதகர் வர்ற ஞாயித்துக்கெழம எல்லாரும் முன்னால போவாக. அவரு எங்கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. நீ அந்தக் காயிதத்தப் போட்ட அன்னைக்கு, அந்தப் பயக சிரிச்சானுக பாரு. எங்கையில கெடந்த கைய வச்சுச் சிரிச்சாப்ல இருந்துச்சு.”

நான் கொண்டுபோயிருந்த வாக்கியங்கள் எல்லாம் அய்யாவைப் பற்றியவை. என் பிழை வேறோர் ஆள்மேல் விழுந்திருந்தது. பலர் பார்க்க நான் விலக்கியது அவள் அறுபது வருடமாக ஒண்டியிருந்த துணியை. அந்த ஆளைத் தெரியாமலே இரண்டு முறை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அப்படியானால் கணக்கில் இதுதான் முதல் முறை.

“அக்கா,” என்றேன். “ஒன்னைய மன்னிக்கச் சொல்லிக் கேக்கேன். அய்யாவுக்காக இல்ல.”

அவள் மீன் சட்டியை என் பக்கம் தள்ளி, “தண்ணி ஊத்து,” என்றாள். ஊற்றினேன். மூன்று தண்ணீர் அலசினாள்.

“குழுவுல எதுவும் எழுதட்டுமாக்கா? அய்யா எதனாலன்னு?”

“என்னத்த? அவரு மூடி வச்சத நீ ஒடைக்கவா?” பிறகு சட்டியைச் சாய்த்து நீரை வடித்துக்கொண்டே, “எழுதாம ஒன்னால இருக்க முடியாது. எனக்குத் தெரியும். வேற எங்கனயாச்சும் எழுது. பேரு போடாத. நம்ம பொறந்த ஊரு போடாத. அம்மா பேரும் வேண்டாம். தெரியாதவுக படிச்சிட்டுப் போகட்டும். தெரிஞ்சவுகளுக்கு வேண்டாம்,” என்றாள்.

அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம்.

“அய்யா ஒன்னையப் பாத்தாராக்கா? வாசல்ல நின்னப்ப?”

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அதை ஏற்கெனவே பல ஆயிரம் முறை கேட்டுக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

“கண்ண மூடிக்கிட்டுத்தான் ஜெபம் பண்ணுவாரு,” என்றாள். “ஆனா நோயாளிகளுக்குன்னு சொல்றப்ப ஒரு எடத்துல நிறுத்துனாரு. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. மழை பலமாப் பெஞ்சுச்சு. அதுக்காக நிறுத்துனாரோ என்னமோ. நான் தலையக் குனிஞ்சிருந்தேன். நிமிந்து பாக்கல.”

மதியம் அங்கேயே சாப்பிட்டேன். மச்சான் தண்டவாளத்தைப் பற்றியும் பாம்பன் காற்றைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார், வழக்கத்தைவிட மெதுவாக. கிளம்பும்போது அக்கா தூக்குவாளியில் குழம்பு ஊற்றிக் கொடுத்தாள். வந்துட்டுப் போ என்றோ, இனி வராதே என்றோ சொல்லவில்லை. வாளியை மட்டும் காட்டி, “இது எங்க மாமியாரு வாளி,” என்றாள். திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்று அர்த்தம். எங்கள் பக்கம் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவதும் இல்லை. அடுத்த மாதம் அதில் நாட்டுச் சர்க்கரை போட்டுக்கொண்டு போனேன். அவள் கருவாடு போட்டுத் தந்தாள். அப்படியே போய்க்கொண்டிருக்கிறது.

அக்டோபர் 1ஆம் தேதி, ஞாயிறு, திருவிருந்துக்கு எழுந்து போனேன். அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் மறுபடி கேட்கவில்லை. போகலாமா கூடாதா என்பதை எந்த நெறியிலும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. குழுவில் அவள் திரும்பச் சேரவில்லை. அங்கே அய்யா இன்னமும் கள் குடித்த வாத்தியார்தான். ஒரு கல்யாண வீட்டில் ஒருவன் என் காதுபடவே அந்தக் கேலியைச் சொன்னான். எனக்குப் பதில் தெரியும். இலையைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டேன். ஏழு மணி அழைப்பும் திரும்ப வரவில்லை. நாட்குறிப்பில் அந்தக் கடைசி வரியை இப்போது கோடு போடாமல் வெறுமனே விட்டுவிடுகிறேன்.

இதை எழுதி முடித்து, போன மாதம் மண்டபம் போனபோது அக்காவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினாள். ஒன்று, அது நகரை மீன் இல்லை, சூடை. இன்னொன்று, அவள் அழுததாக நான் எழுதியிருந்த ஒரு வரி. “நான் அழுகல,” என்றாள். எடுத்துவிட்டேன்.

மற்றபடி, அடக்கத் தேதியும் கமிட்டித் தீர்மானத்தின் தேதியும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டவை. 1960 நவம்பர் 7 திங்கட்கிழமைதான். ஜெபத்துக்கு நடுவில் அய்யா கண்ணைத் திறந்தாரா, திறந்து வாசலில் நின்ற மகளைப் பார்த்தாரா, பார்த்துவிட்டுத் தொடர்ந்தாரா என்பது தெரியவில்லை. பார்த்திருந்தால், அவர் அம்மாவிடம் சொன்னது ஏறத்தாழ உண்மை. பார்க்கவில்லையென்றால், அது ஒன்பது வயதுப் பிள்ளைக்காகச் சொன்ன பொய். அன்று உள்ளே இருந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் யாரையும் நான் அறியேன். சரிபார்க்கப்படவில்லை.